சத்தம் போடாத வண்டி

ஜூன் 5

வண்டி வந்தது. ஏழு பேர் உட்காரலாம். வீட்டில் இருப்பது நான், என் மனைவி சாந்தாமணி, பதினோரு வயது மகள் ஆதிரா. மீதி நாலு சீட்டுக்குச் சொந்தக்காரர்கள் இப்போதே போன் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

பெட்ரோல் இஞ்சினும் உண்டு, மோட்டாரும் உண்டு. எது எப்போது ஓடவேண்டும் என்று வண்டியே முடிவு செய்துகொள்ளும். இருபத்தாறு வருடமாகக் கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவன் நான். மோட்டார் உள்ள வண்டி என்றால் எனக்குத் தனி மரியாதை.

கோயில் வாசலில் பூஜை போட்டு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூன்று நசுங்கியது. இடது முன்சக்கரத்துப் பழம் மட்டும் முழுசாகக் கிடந்தது. பூசாரிக்கு நேராக வைக்கத் தெரியவில்லை.

காப்பர் கம்பி கம்பெனி கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடக்கிறது. மைலேஜ் எழுத ஆகும்.

ஜூன் 6

"எங்கீங்க சார்ஜ் போடறது?" என்று இன்று மட்டும் பதினோரு பேர் கேட்டார்கள். போடவேண்டாம், ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதுவே ஏற்றிக்கொள்ளும் என்று ஏழு பேருக்கு விளக்கினேன். "அப்பறம் பெட்ரோல் எதுக்குங்க?" என்றார்கள். எட்டாவது ஆளிலிருந்து, "ஆமாங்க, வீட்லதான் போடறோம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் திருப்தி.

ஜூன் 12

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. ஆதிராவோடு எதிர்வீட்டு ஷர்மிளாவின் இரட்டைப் பிள்ளைகளும் நம் வண்டியில்தான். போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. லிட்டருக்கு 22.4. நெரிசலில் நின்று நின்று போனால் மைலேஜ் கூடுகிறது. கோயம்புத்தூருக்கென்றே செய்த வண்டி.

சாந்தாமணியும் கூட வருகிறாள். காற்று வாங்கவாம். ஏசி வண்டியில் என்ன காற்று என்று தெரியவில்லை. முன்சீட்டில் என் இடது பக்கம் உட்கார்ந்து வழி முழுவதும் பேச்சு. "ஏனுங்க, இந்தப் பக்கம் புதுசா பேக்கரி வந்திருக்குதுங்க." "பாருங்க, அந்தம்மா ஸ்கூட்டில எத்தன மெதுவாப் போவுது." "தள்ளுவண்டில கொய்யாப்பழம் நல்லாருக்குதுங்க பாருங்க." பதினேழு வருடத்தில் இவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. புது வண்டி வந்த சந்தோஷம் போலிருக்கிறது.

ஜூன் 20

இந்த வண்டியின் ஒரே குறை, யாரும் மதிப்பதில்லை. மோட்டாரில் ஓடும்போது லேசாக ஒரு ரீங்காரம்தான். தெருவில் படுத்திருக்கும் நாய் எழுவதில்லை. கீரைக்காரம்மா நடுரோட்டில் நின்று பாக்கி சில்லறை எண்ணுகிறது. ஹாரன் அடித்தால், "பூனையாட்ட வந்து நின்னுட்டு ஹாரன் வேற" என்று ஏச்சு. பழைய டீசல் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே பால்காரர் ஒதுங்குவார்.

இன்னொன்று. பக்கவாட்டில் வண்டி வந்தால் கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரியுமாம். இடது கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் எரிகிறது. சென்சார் கோளாறு. சர்வீஸில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்கள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கரெக்டாத்தான் இருக்குதுங்க. டூவீலர் வந்தா எரியுது, இல்லைன்னா அணையுது" என்றார்கள்.

நான் பார்க்காத டூவீலரை அது எப்படிப் பார்க்கும்?

ஜூலை 2

கேட்டில் நுழையும்போது இடது பக்கம் தூணில் உரசிவிட்டது. இரண்டு கதவுக்கும் நீளமாகக் கோடு. பழைய வண்டிக்கு அளவெடுத்துக் கட்டிய தூண். கொத்தனாரைத்தான் சொல்லவேண்டும். பழைய வண்டியும் இதே தூணில் இரண்டு தடவை உரசியிருக்கிறது, அதற்கும் கொத்தனார்தான் காரணம்.

சாந்தாமணி கோட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஜூலை 14

பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு ஊரில் கல்யாணம். பொள்ளாச்சியில் சாந்தாமணி வீட்டார் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு ஏழு சீட்டும் நிறைந்து போனோம். நெடுஞ்சாலையில் இஞ்சின்தான் முழுக்க ஓடுகிறது, மைலேஜ் 18. மாமியார் கடைசி சீட்டில் முழங்காலைக் காதோடு வைத்து உட்கார்ந்துகொண்டு, "பெரிய வண்டி" என்று வாய் நிறையச் சொன்னார்.

பந்தியில் எனக்கு உப்பு வைக்கவில்லை, ஊறுகாய் வைக்கவில்லை. சத்தம் போட்டேன். பரிமாறுகிற ஆள் என் இலையைப் பார்த்தார், சாந்தாமணியைப் பார்த்தார். அவள் என் இலையை அப்படியே வலது பக்கமாக ஒரு சாண் இழுத்தாள். உப்பு, ஊறுகாய், லட்டு, எல்லாம் வந்துவிட்டன. இலையை இழுத்துப் போட்டுச் சாப்பிடுகிற அளவுக்கு நெருக்கமாக நாற்காலி போட்டிருந்தார்கள்.

ஜூலை 22

லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். "அதுக்கு முன்னால கண்ணு ஒருவாட்டி பாத்துக்கலாமுங்க" என்று சாந்தாமணி பிடிவாதமாகக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். தலைமுடி கனத்துக் கம்பியைக் கண்ணாடி போடாமல் கோக்கிறேன், எனக்கா கண் தெரியாது?

எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தேன். நர்ஸம்மாவே, "சூப்பருங்க சார்" என்றது.

அப்புறம் இன்னொரு மெஷின். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நேரே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் பட்டனை அமுக்கவேண்டும். வலது பக்கம் நன்றாக வேலை செய்தது. இடது பக்கம் பல்பு எரியவே இல்லை. வெளியே வந்ததும் அந்த டெக்னீசியன் பெண்ணிடம், "இடது பக்கத்து லைன்ல லூஸ் கான்டாக்ட் இருக்கு, பாத்துக்கம்மா" என்று சொன்னேன். வேண்டுமானால் நானே பார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். "சரிங்க சார், அடுத்த ரூமுக்குப் போங்க" என்றது.

டாக்டரம்மா நிறைய நேரம் பேசினார்கள். கண்ணில் அழுத்தம் என்றார்கள். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்கள், அப்பாவுக்கு என்றேன். வண்டி ஓட்டுகிறீர்களா என்று கேட்டார்கள். மைலேஜைச் சொன்னேன். மற்றபடி பொதுவான அறிவுரைகள். சொட்டுமருந்து, காலை ஒன்று, இரவு ஒன்று.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். சாந்தாமணி வழக்கமான பேச்சுக் கூடப் பேசவில்லை. "சைக்கிள்." "பஸ்." "ஆளு." இப்படி ஒற்றை ஒற்றை வார்த்தை. 21.8.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பேரூர் போய்வந்தோம். ஆற்றில் தண்ணீர் இருந்தது. 20.9.

ஆகஸ்ட் 9

டாக்டர் பழனியப்பன் கிளினிக்குக்குப் போனேன். அவர் தோட்டத்து போர்வெல் மோட்டார் மூன்று தடவை என்னிடம்தான் காயில் கட்டியது. லைசென்ஸ் பாரத்தை நீட்டினேன்.

"என்ன சென்னியப்பா, கண்ணெல்லாம் நல்லாத் தெரியுதில்ல?"

"தெரியுதுங்க."

"பேரனுக்குக் காது குத்து வெச்சிருக்கேன், குடும்பத்தோட வந்திரு" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தலையைத் தூக்கவில்லை. நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. ஏஜென்ட்டிடம் பாரத்தைக் கொடுத்தாகிவிட்டது.

இன்னும் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை.

ஆகஸ்ட் 19

சாந்தாமணிக்கு நூற்றிரண்டு காய்ச்சல். இன்று ஒருநாள் பிள்ளைகளை ஆட்டோவில் அனுப்பலாம் என்றாள். வாசலில் நிற்கிற வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவா? எழுந்து நைட்டியோடு கேட்டு வரை வந்தாள். உள்ளே போய்ப் படு என்று அதட்டிவிட்டுக் கிளம்பினேன்.

23.1. பிரேக் நன்றாக வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 20

வண்டிக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். புது வண்டி.

எதிர்வீட்டு ஷர்மிளா தன் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றியது. "பழகட்டுமுங்ணா" என்றது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது. ஆதிராவும் அதே ஆட்டோவில் போனாள். நான் போகச் சொல்லவில்லை, அவளாகவே ஏறிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 22

கடையில் ஒரு அஞ்சு எச்பி மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கை ஓடவில்லை. எழுதிவிட்டாலாவது போகுமா என்று பார்க்கிறேன்.

திங்கட்கிழமை, சாந்தாமணி காய்ச்சலில் படுத்த அன்று, ஆதிரா முன்சீட்டில், அம்மா இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இரட்டையர்கள் பின்னால். பள்ளி கேட்டுக்குள் போக இடது பக்கம் திருப்பினேன். நடைவேகம்தான். வண்டி மோட்டாரில் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை. திடீரென்று கீ கீ என்று கத்தி, திரையில் சிவப்பாக என்னமோ வந்து, நான் மிதிக்காமலே வண்டி டக்கென்று நின்றது. பின்னால் இருந்த பிள்ளைகள் முன்சீட்டில் இடித்துக்கொண்டார்கள்.

சென்சார் கோளாறு என்றுதான் நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, வாய்விட்டும் சொன்னேன். "இந்தச் சனியன் புடிச்ச சென்சாரு."

ஆதிரா சொன்னாள், "அப்பா, அது எங்க கிளாஸ் வர்ஷா."

"யாரு? எங்க?" என்று கேட்டேன்.

ஆதிரா என்னைப் பார்த்தாள். நான் தலையை முழுசாகத் திருப்பினேன். இடது ஹெட்லைட்டுக்கு ஒரு முழம் முன்னால் இரட்டைப் பின்னல் போட்ட பெண்குழந்தை குனிந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. வண்டி வந்ததும் அதற்குத் தெரியாது, நின்றதும் தெரியாது. மூடியை மூடிவிட்டு நிமிர்ந்து, ஆதிராவைப் பார்த்துக் கையாட்டிவிட்டு உள்ளே போனது.

வாட்ச்மேன் ஓடிவந்து பானெட்டில் ஓங்கி அடித்தார். "கண்ணு பொடனிலயா இருக்குது?" என்றார்.

இறங்கும்போது ஆதிரா பையைத் தூக்கிக்கொண்டு, "சாயங்காலம் நாங்களே வந்துக்கறோம்பா, நீ வராத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

அங்கிருந்து வீடு வரைக்கும் எப்படி ஓட்டிவந்தேன் என்று எனக்கே தெரியாது. ஓட்டியிருக்கக்கூடாது.

ஆகஸ்ட் 23

சாந்தாமணிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. காலையில் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். நான் தண்ணித் தொட்டியைப் பார்த்து நேராக நிற்கிறேன், நீ பின்னாலிருந்து இடது பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு மெதுவாக வா, கை தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன்.

நின்றேன். தொட்டி தெரிந்தது. தொட்டியில் ஒட்டியிருந்த பாசி, குழாயில் சொட்டுகிற தண்ணீர், எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது. ரொம்ப நேரமாயிற்று.

"வா புள்ள, ஏன் நிக்கிற?" என்றேன்.

"வந்துட்டனுங்க" என்றாள்.

குரல் கழுத்துக்குப் பக்கத்தில் கேட்டது. திரும்பினேன். அவள் விரல் என் கன்னத்துக்கு நேராக, இரண்டு அங்குலத்தில் இருந்தது.

அப்புறம் கேட்டேன், எப்போதிருந்து தெரியும் என்று.

"போன வருசமே. தட்டுல இந்தப் பக்கம் சட்னி வெச்சா தொடவே மாட்டீங்க. சட்னி வெக்கலையான்னு கேப்பீங்க. அப்பறம்தான் எல்லாத்தையும் அந்தப் பக்கமே வெக்க ஆரம்பிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"டாக்டரம்மா சொன்னாங்கல்லங்க? வண்டியத் தொடவே கூடாதுன்னு அத்தன தெளிவாச் சொன்னாங்க. நீங்க மைலேஜ் சொல்லிட்டு இருந்தீங்க."

ஆமாம். சொன்னார்கள். ஜூலை 22-இல் நான் அதை எழுதவில்லை.

"உங்கப்பாவுக்குக் கண்ணு போனப்ப நாந்தானுங்க சோறு ஊட்டுனேன். அந்தக் கட்டிலோட அவரு எப்படிக் கிடந்தாருன்னு எனக்குத் தெரியும். வண்டிய நிறுத்துங்கன்னு சொன்னா நீங்களும் அப்படி உக்காந்துருவீங்கன்னு பயந்துட்டேன். நான் கூட வந்து பாத்துக்கலாம்னு நெனச்சேன்." அழுதாள். "ஊராமூட்டுப் புள்ளைகளையும் ஏத்திட்டுத் தெனமும் வந்தனே. நான் பாவிங்க."

பாவி அவளில்லை. எனக்கும் அப்பாவின் கட்டிலை நினைத்துப் பயம்தான். ஆனால் என் பயத்துக்கு வர்ஷா என்ன செய்யும்? இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

ஆகஸ்ட் 26

எதிர்வீட்டுக்குப் போனேன். சாந்தாமணி கூட வருகிறேன் என்றாள், வேண்டாமென்றேன்.

ஷர்மிளா காபி போட எழுந்தது. வேண்டாம் உட்காரும்மா என்று சொல்லிவிட்டு, கண் விஷயத்தைச் சொன்னேன். போன திங்கட்கிழமை நடந்ததை அதன் பிள்ளைகள் அன்றைக்கே சொல்லியிருக்கிறார்கள். கண் என்று மட்டும் அதற்குத் தெரியாது. நான் போன் பார்த்துக்கொண்டு ஓட்டியதாக நினைத்திருக்கிறது.

"எப்பங்ணா தெரியும் உங்களுக்கு?"

ஜூலை 22 என்றேன்.

விரல் விட்டு எண்ணியது. நான்கு வாரம் என்று அதற்கு வந்திருக்கும். எழுந்துபோய் டிவியை அணைத்தது. ஓடாத டிவி. திரும்பி வந்து, "நீங்க நல்லவருங்ணா. ஆனா எனக்கு இப்ப உங்களப் பாக்கப் பிடிக்கல. எந்திரிச்சுப் போயிருங்க" என்றது.

எழுந்து வந்துவிட்டேன். சொன்னது நியாயம்தான்.

ஆகஸ்ட் 29

புது லைசென்ஸ் வந்துவிட்டதாக ஏஜென்ட் போன் பண்ணினார். போனேன். எனக்கு இது வேண்டாம், திருப்பிக் கொடுக்க என்ன வழி என்று கேட்டேன்.

"பேர் தப்பா இருக்குதுங்களா?"

"பேர் சரிதான். கண்ணு தெரியல."

அவர் என் பைலை எடுத்துப் பார்த்தார். "கண்ணு நல்லாருக்குன்னு டாக்டர் கையெழுத்து இருக்குதுங்களே?"

"அவர் பாக்காம போட்டாரு."

"எல்லாரும் அப்படித்தானுங்க போடறாங்க." என்னை உட்காரவைத்து டீ சொன்னார். இருபது வருடத் தொழிலில் லைசென்ஸை வேண்டாம் என்று ஒருத்தர் வந்ததில்லையாம். குடும்பத்தில் ஏதாவது மனக்கஷ்டமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கண்ணு ஒரு பிரச்சனையே இல்லீங்க, அத நான் பாத்துக்கறேன்" என்று தைரியம் வேறு சொன்னார்.

டீ நன்றாக இருந்தது. லைசென்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வந்தேன். படியில் ஏறும்போது ஒரு அம்மாவை இடித்துவிட்டேன். "மன்னிச்சுக்கங்க, இந்தப் பக்கம் எனக்குக் கண்ணு தெரியாது" என்று சொன்னேன். வெளியாளிடம் சொல்வது நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை. அந்தம்மா உட்கார இடம் கொடுத்தார்.

டாக்டர் பழனியப்பனுக்கும் போன் பண்ணிச் சொன்னேன். காது குத்துக்கு அவசியம் வரவேண்டும் என்றார்.

செப்டம்பர் 8

மாமியாரைப் பார்க்கப் பொள்ளாச்சி போகவேண்டியிருந்தது. வண்டியை விற்றுவிடலாம் என்றேன். ஆதிரா, "எதுக்குப்பா விக்கணும்? ஓட்டறதுக்கு ஆளா இல்ல?" என்றாள். அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் அவள் என்னோடு வாதம் செய்தது இதுதான் முதல் தடவை. வண்டி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் பேசினேன். கோவிந்தசாமி, அறுபதை நெருங்குகிற மனிதர். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். உட்கார்ந்து பட்டனை அமுக்கிவிட்டு, இஞ்சின் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். "ஸ்டார்ட் ஆயிருச்சுங்க, போலாம்" என்றேன். "நெசமாவா?" என்றார். கேட்டைத் தாண்டும்போது இடது தூணுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நடந்துபோகலாம். கொத்தனார் சரியாகத்தான் கட்டியிருக்கிறார்.

நான் நடுசீட்டில் வலது பக்கம், சாந்தாமணி இடது பக்கம். ஆதிரா பின்னால் காலை நீட்டிக்கொண்டாள். நான் ரோட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கால் மட்டும் தரையில் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது.

உக்கடம் தாண்டியதும்தான் கவனித்தேன், இடது பக்கமிருந்து பேச்சே இல்லை. பேக்கரி இல்லை, கொய்யாப்பழம் இல்லை, சைக்கிள் இல்லை. ஏதாவது கோபமா என்று தலையை முழுவதும் திருப்பிப் பார்த்தேன்.

தூங்கிக்கொண்டிருந்தாள். தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கை மடியில் விழுந்து கிடந்தது. கல்யாணமான புதிதில் டவுன்பஸ்ஸில் இரண்டு ஸ்டாப்புக்குள் தூங்கிவிடுவாள். பைக்கில் என் முதுகில் சாய்ந்து தூங்கிவிடுவாள், நான் பயந்துபோய் அவளைத் துப்பட்டாவால் என்னோடு கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். இந்த வண்டி வாங்கி மூன்று மாதமாகிறது. இவள் இதில் கண்ணை மூடி இன்றுதான் பார்க்கிறேன்.

பொள்ளாச்சி வந்தது. மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். ஆதிரா அம்மாவை எழுப்பக் கையை நீட்டினாள், வேண்டாம் என்று தடுத்தேன். அவளையும் மாமியாரையும் உள்ளே அனுப்பிவிட்டு, வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தி வைத்தாலும் இந்த வண்டியில் ஏசி பெரும்பாலும் பேட்டரியில்தான் ஓடும், சத்தம் வராது. கோவிந்தசாமி டீ குடிக்கப் போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் தூங்கினாள்.